புதுத் தொட்டியில் மீனுக்கு முன்னால் குடியேற வேண்டியவை

புதிதாக மீன் தொட்டி வைத்தவர்கள் எனக்குப் போன் செய்வது பெரும்பாலும் முதல் வாரக் கடைசியில், இல்லாவிட்டால் இரண்டாம் வாரத்தில். தொட்டி வந்த அன்று யாருக்கும் சந்தேகம் இருக்காது. தண்ணீர் பளிச்சென்று இருக்கும், கப்பிகள் வாலை விரித்துக்கொண்டு சுற்றும், வீட்டில் எல்லோரும் சோபாவை அந்தப் பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்திருப்பார்கள். ஒரு வாரம் போனதும் குரல் மாறிவிடும். "அண்ணா, எல்லா மீனும் மேலயே நிக்குது. வாயைத் திறந்து திறந்து மூடுது. காத்து பத்தலையா? இன்னொரு மோட்டார் போடணுமா? நேத்தே ரெண்டு போயிடுச்சு."

நான் முதலில் கேட்பது, தொட்டியில் தண்ணீர் ஊற்றியது என்றைக்கு, மீன் விட்டது என்றைக்கு என்பதைத்தான். அநேகமாக இரண்டும் ஒரே நாளாக இருக்கும். காலையில் சென்னையில் மீன் கடைகள் நிறைந்த கொளத்தூருக்குப் போய்த் தொட்டி, கலர் கல், ஃபில்டர், பிளாஸ்டிக் செடி, பத்துப் பன்னிரண்டு மீன் எல்லாவற்றையும் ஒரே ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்து, மாலைக்குள் எல்லாம் ஓடிக்கொண்டிருக்கும். "தொட்டியை இன்னைக்கு எடுத்துட்டுப் போங்க, மீனை அப்புறம் வந்து வாங்குங்க" என்று சொல்கிற கடைக்காரர்களை நான் அங்கே பார்த்திருக்கிறேன். ஆனால் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில், பிள்ளை கவரைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது, அந்தப் பேச்சு எடுபடுவதில்லை.

மீன் செத்தால் வீட்டுப் பெரியவர்கள் சொல்லும் ஆறுதல் ஒன்று உண்டு. நமக்கு வர இருந்த கெட்டதை அது வாங்கிக்கொண்டு போய்விட்டது, திருஷ்டி கழிந்தது என்பார்கள். அழுகிற குழந்தையிடம் சொல்ல ஏதாவது வேண்டும்தான். அந்த அன்பை நான் மதிக்கிறேன். ஆனால் அதோடு விசாரணை முடிந்துவிடுகிறது. அடுத்த ஞாயிறு அதே தொட்டியில் வேறு ஆறு மீன் வருகிறது, அவையும் அதே மாதிரி மேலே வந்து வாயைத் திறக்கின்றன. இப்படி வருடக்கணக்கில் மீன் வாங்கி வாங்கிப் போட்ட வீடுகளை எனக்குத் தெரியும். அந்த மீன்கள் செத்ததற்கு ஒரு காரணம் இருக்கிறது. சிறிய கண்ணாடிக் குழாயில் தண்ணீர் எடுத்து அளந்துவிடக்கூடிய காரணம் அது.

அதன் பெயர் அம்மோனியா.

நம் உடல் நைட்ரஜன் கழிவை யூரியாவாக மாற்றிச் சிறுநீரில் அனுப்புகிறது. மீனுக்கு அந்த மெனக்கெடல் தேவையில்லை. சுற்றிலும் தண்ணீர் இருப்பதால் பெரும்பகுதியை அம்மோனியாவாகவே செவுள் வழியாக வெளியே விட்டுவிடுகிறது. குளத்தில் அது பரவிப்போகும். சேறு, செடி, பாசி, கண்ணுக்குத் தெரியாத கோடிக்கணக்கான உயிர்கள் அதை எடுத்துக்கொள்ளும். நம் வீடுகளில் வழக்கமாக வைக்கிற இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரத் தொட்டியில், கல்லும் மேலே விடும் இடைவெளியும் போக, 50 லிட்டர் தண்ணீர்கூட நிற்காது.

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்ப்போம். கடையில் விற்கும் தீனியில் 35 சதவீதம் புரதம் என்று வைத்துக்கொள்ளலாம். புரதத்தில் ஏறத்தாழ 16 சதவீதம் நைட்ரஜன். ஒரு கிராம் தீனி போட்டால் 56 மில்லிகிராம் நைட்ரஜன் தொட்டிக்குள் போகிறது. அதில் பாதி மட்டும் அம்மோனியாவாக வெளியே வந்தாலும், 50 லிட்டரில் லிட்டருக்கு அரை மில்லிகிராமுக்கு மேல் ஒரே நாளில் சேர்ந்துவிடும். மீன் சாப்பிடாமல் கல்லுக்கடியில் போய் அழுகும் தீனி என்றால் இன்னும் கூடுதல். குழந்தைகள் காலையில் ஒரு தடவை, பள்ளி விட்டு வந்து ஒரு தடவை, பாட்டி நடுவில் ஒரு தடவை என்று போட்டால், ஒரு வாரத்தில் தண்ணீர் எந்த நிலைக்குப் போயிருக்கும் என்று பாருங்கள். பார்வைக்கு அப்போதும் அது பளிச்சென்றுதான் இருக்கும். அம்மோனியாவுக்கு நிறம் கிடையாது.

செவுள் வெந்து சிவந்துபோய், மூச்சுவிட முடியாமல்தான் மீன் மேலே வருகிறது. அந்த நேரத்தில் இன்னொரு ஏர் பம்ப் போடுவதால் கெடுதல் இல்லை, கொஞ்சம் உதவவும் செய்யும். ஆனால் குமிழி விட்டு அம்மோனியாவை விரட்டிவிட முடியாது.

தொட்டியிலிருந்து அதைத் தினமும் எடுத்துக்கொண்டே இருக்க யாராவது வேண்டும். அந்த வேலையைச் செய்யும் பாக்டீரியாக்களை 1890 வாக்கில் பிரித்துக் காட்டியவர் செர்கேய் வினோகிராட்ஸ்கி என்ற ரஷ்ய ஆய்வாளர். ஒரு கூட்டம் அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றுகிறது, அதுவும் மீனுக்கு விஷம்தான்; இன்னொரு கூட்டம் அந்த நைட்ரைட்டை அவ்வளவு கெடுதல் இல்லாத நைட்ரேட்டாக மாற்றுகிறது என்பது அப்போது தெரியவந்தது. இரண்டாம் வேலையை மீன் தொட்டியில் செய்வது நைட்ரோபாக்டர் என்றே நெடுங்காலம் புத்தகங்களில் எழுதிவந்தார்கள். 1998இல் டிமோதி ஹோவனெக்கும் அவர் சகாக்களும் நன்னீர்த் தொட்டிகளில் தேடிப் பார்த்தபோது அங்கே இருந்தது நைட்ரோஸ்பைரா வகை. 2015இல் நைட்ரோஸ்பைராவிலேயே சில இனங்கள் இரண்டு வேலையையும் தனியாகவே முடித்துவிடுகின்றன என்று கண்டுபிடித்தார்கள். கூடத்தில் ஓடிக்கொண்டிருக்கும் ஃபில்டரின் ஒரு ஸ்பாஞ்ச் துண்டுக்குள் இவ்வளவு நடக்கிறது என்று நினைக்கும்போது எனக்கு இன்றைக்கும் வியப்பு தீரவில்லை.

இவற்றின் குணத்தில் ஒன்றைத் தெரிந்துகொண்டால் மற்றதெல்லாம் தானாகப் புரியும்: இவை மிக மெதுவாகப் பெருகும். அழுகல் பொருளைத் தின்னும் சாதாரண பாக்டீரியா அரைமணி நேரத்தில் இரட்டிப்பாகிவிடும். இவற்றுக்கு முக்கால் நாள், ஒரு நாள் ஆகும். புதுத் தொட்டியில் மூன்றாம் நான்காம் நாள் தண்ணீர் பால் கலந்த மாதிரி வெளுத்துப்போவதைப் பார்த்திருப்பீர்கள். வேகமாகப் பெருகும் அந்தச் சாதாரண பாக்டீரியாக்கள்தான் அது. பயந்துபோய்த் தொட்டியைக் காலி செய்ய வேண்டாம், தானாகத் தெளியும். தெளிந்ததும் தொட்டி தயாராகிவிட்டது என்று நினைப்பதுதான் ஆபத்து. மெதுவாக வளரும் கூட்டம் ஃபில்டரிலும் கல்லிலும் ஒட்டிக்கொண்டு போதுமான அளவுக்குப் பெருக, வேறு உதவி இல்லாவிட்டால், நான்கிலிருந்து ஆறு வாரம் பிடிக்கும். நம் ஊர் வெப்பம் அதற்குக் கொஞ்சம் சாதகம்.

அந்த வாரங்களில் மீனை உள்ளே வைக்காமலே தொட்டியைத் தயார் செய்ய முடியும். மீனுக்குப் பதில் அம்மோனியாவை நாமே கொடுத்தால் போதும். நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் நவச்சாரம், பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிறவர்கள் வைத்திருப்பார்களே, அது அம்மோனியம் குளோரைடுதான். ஆனால் தொட்டிக்கு என்றால் ஆய்வகப் பொருள் விற்கும் கடையில் சுத்தமானதாகக் கேட்டு வாங்குவதே என் வழக்கம். 50 லிட்டருக்கு 0.3 கிராம் போட்டால் லிட்டருக்கு ஏறக்குறைய 2 மில்லிகிராம் அம்மோனியா கிடைக்கும். 0.3 கிராமை வீட்டுத் தராசில் நிறுக்க முடியாது என்பதால், 6 கிராமை 200 மில்லி தண்ணீரில் கரைத்து வைத்துக்கொண்டு, மருந்து குடிக்கும் மூடியால் 10 மில்லி எடுத்து ஊற்றலாம். பாட்டிலில் பெரிதாகப் பெயர் எழுதி, குழந்தைகள் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள்.

அப்புறம் காத்திருப்புதான். ஃபில்டர் இரவும் பகலும் ஓட வேண்டும். முதல் ஒன்றிரண்டு வாரம் அம்மோனியா அசையாமல் நிற்கும். பிறகு குறைய ஆரம்பிக்கும், நைட்ரைட் தலைகாட்டும். அம்மோனியா தீரத் தீர மறுபடி ஊற்றிக்கொண்டே வர வேண்டும், இல்லாவிட்டால் முதல் கூட்டம் பட்டினி கிடக்கும். நைட்ரைட் உச்சத்துக்குப் போய் நின்று, பொறுமையைச் சோதித்து, ஒரு நாள் திடீரென்று விழும். 2 மில்லிகிராம் அளவுக்கு ஊற்றிய அம்மோனியா 24 மணி நேரத்தில் காணாமல் போய், நைட்ரைட்டும் பூஜ்யம் என்று வந்துவிட்டால் தொட்டி தயார். சேர்ந்திருக்கும் நைட்ரேட்டைக் குறைக்கத் தண்ணீரில் பெரும்பங்கை மாற்றிவிட்டு மீன் விடலாம்.

இதைச் சுருக்க ஒரு வழி இருக்கிறது, அதைத்தான் நான் எல்லோருக்கும் முதலில் சொல்வேன். வருடக்கணக்கில் நல்லபடியாக ஓடும் தொட்டி வைத்திருப்பவர் யாராவது தெரிந்திருந்தால், அவர் ஃபில்டரிலிருந்து ஒரு ஸ்பாஞ்ச் கேளுங்கள். பாலுக்கு உறை ஊற்றுவது மாதிரிதான். அந்த அழுக்கு ஸ்பாஞ்சை ஈரம் காயாமல் கவரில் போட்டு எடுத்துவந்து உடனே உங்கள் ஃபில்டரில் வைத்தால், ஆறு வாரம் என்பது ஒன்றிரண்டு வாரமாகக் குறையும். அவர் தொட்டியில் நோய் இல்லை என்பது மட்டும் உறுதியாகத் தெரிய வேண்டும். என்னிடம் எப்போதும் ஒரு ஸ்பாஞ்ச் கூடுதலாக ஓடிக்கொண்டிருக்கும், கேட்கிறவருக்குக் கொடுப்பதற்காக. பாட்டிலில் விற்கும் பாக்டீரியாவும் சில சமயம் வேலை செய்யும். ஆனால் அது கிடங்கிலும் வண்டியிலும் எவ்வளவு வெயில் பட்டு வந்தது என்று நமக்குத் தெரியாது. ஊற்றிவிட்டோம் என்பதற்காக அளந்து பார்க்காமல் மீன் விடாதீர்கள்.

அளப்பதற்கு டெஸ்ட் கிட் வேண்டும். சொட்டு மருந்து விட்டு நிறம் பார்க்கும் வகையாக, அம்மோனியா, நைட்ரைட், நைட்ரேட், பி.எச். (தண்ணீரின் அமில-கார அளவு) நான்கும் இருப்பதாக வாங்குங்கள். விலை கொஞ்சம் உறைக்கும். அதை மீன் தொட்டியின் ஒரு பாகமாக நினைத்து, அலங்காரப் பொருளில் குறைத்துக்கொள்ளுங்கள். பலர் கையில் ஏற்கெனவே டி.டி.எஸ். பேனா இருக்கும், ஆர்.ஓ. மெஷின்காரர் கொண்டுவந்து காட்டுவாரே, அது. தண்ணீரில் மொத்தம் எவ்வளவு உப்பு கரைந்திருக்கிறது என்பதை மட்டுமே அது சொல்லும். மீனைக் கொல்லும் அளவு அம்மோனியா இருந்தாலும் அந்தப் பேனா வாயைத் திறக்காது.

தண்ணீர் என்று வந்தால் சென்னையில் ஒரே வீட்டுக்குள் நான்கு விதம் இருக்கிறது. மெட்ரோ வாட்டர், போர் தண்ணீர், சில மாதங்களில் லாரித் தண்ணீர், குடிக்க ஆர்.ஓ. அல்லது கேன். எதை ஊற்றுவது என்பதில்தான் பாதிப் புதுத் தொட்டிகளின் விதி அடங்கியிருக்கிறது.

மெட்ரோ வாட்டரில் குளோரின் இருக்கும், இருக்கவும் வேண்டும். குழாய்த் தண்ணீரில் குறைந்தது லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரின் எஞ்சியிருக்க வேண்டும் என்பது குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயம். நமக்குப் பாதுகாப்பான அந்த அளவே மீனின் செவுளைப் புண்ணாக்கும், நாம் பாடுபட்டு வளர்க்கும் பாக்டீரியாவையும் கொல்லும். வாளியில் பிடித்து ஏர் கல் போட்டு ஒரு நாள் வைத்தால் குளோரின் போய்விடும். அவசரமென்றால் கடையில் ஆன்டி குளோரின் என்று விற்கும் சோடியம் தயோசல்பேட் நொடியில் வேலையை முடிக்கும். அடுக்குமாடியில் இருப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். மேல்நிலைத் தொட்டியை பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவிய அன்றும் மறுநாளும் மீன் தொட்டிக்குத் தண்ணீர் பிடிக்காதீர்கள். என்றைக்குக் கழுவுகிறார்கள் என்று வாட்ச்மேனிடம் முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளலாம்.

போர் தண்ணீரில் குளோரின் தொல்லை இல்லை. அது கடினமாக, பி.எச். எட்டை ஒட்டி இருக்கும். கப்பி, மோலி, பிளாட்டி போன்ற குட்டி போடும் மீன்களுக்கு அந்தத் தண்ணீர் பிடிக்கும். ஆனால் புதுத் தொட்டியில் அதில் ஒரு கண்ணி இருக்கிறது. தண்ணீரில் அம்மோனியா இரண்டு வடிவில் இருக்கும். ஒன்று பெரிய கெடுதல் செய்யாத அம்மோனியம், மற்றது செவுளைத் தாக்கும் தனி அம்மோனியா. 25 டிகிரியில் பி.எச். 7 என்றால் மொத்தத்தில் அரை சதவீதம்தான் கொடிய வடிவம். பி.எச். 8 ஆனால் அது 5 சதவீதத்தைத் தாண்டும், 8.5இல் 15 சதவீதத்துக்குப் போகும். வெப்பம் ஏறினால் இன்னும் கூடும். அதனால்தான் டெஸ்ட் கிட்டில் ஒரே அளவு காட்டும் இரண்டு வீட்டில், ஒரு வீட்டு மீன் சோர்ந்து நிற்கிறது, இன்னொரு வீட்டு மீன் செத்துவிடுகிறது.

இந்தக் கடினத் தண்ணீருக்குப் பயந்து சிலர் முழுக்க ஆர்.ஓ. தண்ணீரையோ கேன் தண்ணீரையோ ஊற்றுகிறார்கள். சுத்தமானது நல்லதுதானே என்ற எண்ணம். நான் கடுமையாக மறுக்கும் விஷயம் இது. அம்மோனியாவை மாற்றும்போது பாக்டீரியாக்கள் தண்ணீரின் காரத்தன்மையைச் செலவழிக்கின்றன. ஒரு மில்லிகிராம் அம்மோனியா நைட்ரஜனுக்கு ஏறக்குறைய 7 மில்லிகிராம் கால்சியம் கார்பனேட்டுக்குச் சமமான அளவு போகும். ஆர்.ஓ. தண்ணீரில் அந்த இருப்பே கிடையாது. சில வாரத்தில் பி.எச். சரசரவென்று இறங்கும், 6க்குக் கீழே போனால் பாக்டீரியாக்கள் கிட்டத்தட்ட வேலையை நிறுத்திவிடும். போர் தண்ணீர் மிகவும் உப்பாக இருந்தால் பாதிக்குப் பாதி கலந்துகொள்ளுங்கள், போதும்.

சரி, தொட்டியும் மீனும் ஒரே நாளில் வந்துவிட்டன, இப்போது மீன் மேலே நிற்கிறது. என்ன செய்வது?

முதலில் தீனியை நிறுத்துங்கள். மீனுக்கு நம்மைப் போல உடம்பைச் சூடாக வைத்துக்கொள்ளும் செலவு இல்லை. நல்ல நிலையில் உள்ள வளர்ந்த மீன் ஒரு வாரம்கூடச் சாப்பிடாமல் இருக்கும். பிறகு பாதித் தண்ணீரை டியூப் வைத்து இறக்கிவிட்டு, குளோரின் நீக்கிய, அதே வெப்பத்தில் இருக்கும் தண்ணீரை மெதுவாக ஊற்றுங்கள். பாக்டீரியா தண்ணீரோடு போய்விடுமே என்று கேட்பார்கள். அது தண்ணீரில் மிதப்பது மிகக் குறைவு, ஸ்பாஞ்சிலும் கல்லிலும்தான் ஒட்டியிருக்கிறது. தினமும் அளந்து பாருங்கள். அம்மோனியாவும் நைட்ரைட்டும் சேர்ந்து லிட்டருக்கு அரை மில்லிகிராமைத் தாண்டும் ஒவ்வொரு நாளும் இதே மாதிரி மாற்ற வேண்டும். சில வாரம் வாளி தூக்கும் வேலைதான்.

நைட்ரைட் ஏறும் கட்டத்தில் கல்லுப்பு கைகொடுக்கும். நைட்ரைட் செவுள் வழியாக இரத்தத்தில் புகுந்து, ஆக்சிஜனைச் சுமக்க முடியாதபடி அதைப் பழுப்பாக்கிவிடும். உப்பில் உள்ள குளோரைடு அதே வாசலில் போட்டி போட்டு நைட்ரைட்டைத் தடுக்கும். 50 லிட்டருக்கு ஒரு தேக்கரண்டி கல்லுப்பைக் கரைத்து ஊற்றினால் போதும். உவர்ப்பான போர் தண்ணீர் என்றால் குளோரைடு ஏற்கெனவே தாராளமாக இருக்கும், உப்பு தேவைப்படாது.

எங்கள் மாடி வீட்டில் இப்படி மாட்டிக்கொண்ட ஒரு தொட்டியை ஏழாம் வகுப்புப் படிக்கும் பெண் காப்பாற்றினாள். நான் ஸ்பாஞ்சும் டெஸ்ட் கிட்டும் கொடுத்தேன், அவ்வளவுதான். பழைய ரஃப் நோட்டில் தேதி போட்டு, அம்மோனியா குழாயில் வந்த பச்சையையும் நைட்ரைட் குழாயில் வந்த ஊதாவையும் கலர் பென்சிலால் தீட்டி வைப்பாள். தம்பி தீனி டப்பாவை எடுக்கப் போனால் நோட்டைக் காட்டி நிறுத்துவாள். ஒரு சாயங்காலம் படியிறங்கி வந்து, "அங்கிள், ஊதாவே வரல, நீலமாவே நிக்குது" என்றாள். நைட்ரைட் பூஜ்யம். அந்த நோட்டைப் போல ஒன்று ஒவ்வொரு புதுத் தொட்டிக்குப் பக்கத்திலும் இருக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

இத்தனையும் செய்து வளர்த்த தொட்டியை ஒரே மதியத்தில் அழிக்கும் பழக்கம் ஒன்று நம் வீடுகளில் பரவலாக இருக்கிறது. மாதம் ஒரு முறை முழுசாகக் கழுவுவது. மீன்களை வாளியில் விட்டு, தொட்டியைக் காலி செய்து, கல்லை எல்லாம் அள்ளி மொட்டை மாடியில் வெயிலில் காயப்போட்டு, ஸ்பாஞ்சைக் குழாயடியில் வெள்ளையாகும்வரை பிழிந்து, சில வீடுகளில் சோப்பும் போட்டு, புதுத் தண்ணீர் ஊற்றி மீனை விடுவார்கள். இதற்காகவே வீட்டுக்கு வந்து கழுவிக் கொடுக்கும் ஆட்களும் உண்டு. கழுவிய தொட்டி அழகாக இருக்கும், உண்மைதான். ஆனால் அது மறுபடியும் முதல் நாள் தொட்டி. அடுத்த வாரம் மீன் மேலே வந்தால், "கழுவினப்ப அடிபட்டுடுச்சு போல" என்பார்கள்.

வாரம் ஒரு முறை கால் பங்கு தண்ணீரை, கல்லுக்கிடையில் உள்ள அழுக்கோடு டியூபால் இழுத்து எடுத்துவிட்டு நிரப்பினால் போதும். ஸ்பாஞ்சில் தண்ணீர் போகாமல் அடைத்தால் மட்டும், அந்த இழுத்தெடுத்த தொட்டித் தண்ணீரிலேயே இரண்டு முறை பிழிந்துவிட்டுத் திருப்பி வையுங்கள். பழுப்பாகவே இருக்கட்டும். எடுத்த தண்ணீரைச் செடிக்கு ஊற்றலாம், அதில் நைட்ரேட் இருக்கிறது.

செடி என்றதும் சொல்லத் தோன்றுகிறது. 1850இல் லண்டன் வேதியியலாளர் ராபர்ட் வாரிங்டன், இரண்டு தங்கமீன்களை வாலிஸ்நேரியா செடியோடு வைத்து, அழுகும் இலைகளைத் தின்ன நத்தைகளையும் சேர்த்து, தண்ணீர் கெடாமல் ஒரு தொட்டியை நடத்திக் காட்டினார். அவர் மனதில் இருந்தது ஆக்சிஜன் கணக்கு. ஆனால் அந்தச் செடி இன்னொரு வேலையையும் செய்திருக்கும், ஏனென்றால் நீர்ச்செடிகள் அம்மோனியத்தை நேரடியாக உறிஞ்சும். புதுத் தொட்டியில் பிளாஸ்டிக் செடிக்குப் பதில் வேகமாக வளரும் உயிர்ச்செடி வைத்தால் அந்த ஆறு வாரம் பாதி பயம் குறையும். ஒன்றும் கிடைக்கவில்லையா, பால்கனி மணி பிளான்ட்டில் ஒரு கிளையை வெட்டி, இலை வெளியேயும் வேர் தண்ணீருக்குள்ளும் இருக்கும்படி தொங்கவிடுங்கள்.

மருந்து விஷயத்தில் நான் பிடிவாதக்காரன். எந்த மீன் எப்படிச் செத்தாலும் கடையில் நீல மருந்து கொடுத்துவிடுகிறார்கள். மெத்திலின் புளூ பூஞ்சைக்கும் சில ஒட்டுண்ணிகளுக்கும் நல்ல மருந்துதான். ஆனால் தொட்டியில் ஊற்றினால் அம்மோனியாவை மாற்றும் பாக்டீரியாவையும் பாதிக்கும். அம்மோனியாவால் தவிக்கும் மீனுக்கு அதைக் கொடுத்தால், அம்மோனியாவை எடுக்கும் ஆளையும் முடக்கிவிடுகிறோம். எந்த மருந்துக்கும் முன்னால் தண்ணீரை அளந்துவிடுங்கள். மருந்து உண்மையில் தேவையென்றால் தனி வாளியில், ஏர் கல் போட்டு வைத்துக் கொடுங்கள்.

விதிவிலக்கு வெள்ளைப்புள்ளி நோய். ரவை தூவின மாதிரி உடம்பிலும் துடுப்பிலும் புள்ளி வரும், மீன் கல்லில் போய் உரசும். இதை உண்டாக்கும் ஒட்டுண்ணி தோலுக்கடியில் இருக்கும்போது மருந்து தொடாது. முதிர்ந்து கீழே விழுந்து, கல்லில் ஒட்டி, நூற்றுக்கணக்கில் பிரிந்து, புது மீனைத் தேடி நீந்தும் சில மணி நேரத்தில்தான் அதைக் கொல்ல முடியும். அதனால் தொட்டி முழுவதற்கும் சிகிச்சை தேவை, புள்ளி மறைந்த பிறகும் ஒரு வாரத்துக்கு மேல் தொடர வேண்டும். தொட்டியில் கப்பி, மோலி மட்டும் என்றால் லிட்டருக்கு 2 கிராம் கல்லுப்பை இரண்டு மூன்று நாளில் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து, வெப்பத்தை 30 டிகிரியை ஒட்டி வைத்தாலே பெரும்பாலும் குணமாகிவிடும். இந்த நோய் புது மீனோடுதான் வீட்டுக்கு வருகிறது. முடிந்தால் புது மீனை இரண்டு மூன்று வாரம் தனித் தொட்டியில் வைத்துவிட்டுச் சேருங்கள்.

தயாரான தொட்டிக்கு முதல் தடவை நான்கைந்து கப்பி போதும். குட்டி பெருக வேண்டாம் என்றால் ஆண் மீன் மட்டும் வாங்குங்கள்; தனியாக வாங்கும் பெண் கப்பிகூட மாதக்கணக்கில் குட்டி போடும், விந்தைச் சேமித்து வைத்துக்கொள்ளும். இரண்டு வாரம் கழித்து, அளந்து பார்த்து, இன்னும் நான்கு. கொளத்தூரிலிருந்து வீட்டுக்கு வரும் தூரத்துக்கு, கவரைக் கால்மணி நேரம் மிதக்கவிட்டு, வலையில் மீனை மட்டும் எடுத்து விட்டால் போதும். கவர் தண்ணீரைத் தொட்டியில் கொட்ட வேண்டாம். வெளியூரிலிருந்து பார்சலில் வந்த மீன் என்றால் கவரைத் திறந்துவைத்துச் சொட்டுச் சொட்டாக நீண்ட நேரம் பழக்காதீர்கள். மூடிய கவரில் கரியமில வாயு சேர்ந்து பி.எச். இறங்கியிருக்கும், அம்மோனியாவும் அடங்கிக் கிடக்கும். திறந்ததும் வாயு வெளியேறி பி.எச். ஏறும், அடங்கிக் கிடந்தது கொடிய வடிவத்துக்கு மாறிவிடும்.

சுத்தம் செய்யும் என்று சொல்லி விற்கும் சக்கர் மீனை வாங்க வேண்டாம். இரண்டங்குலத்தில் வாங்குவது ஓரடிக்கு மேல் வளரும், தின்பதைவிடக் கழிவு போடுவதுதான் கண்ணுக்குத் தெரியும். வைத்துக்கொள்ள முடியாமல் ஏரியில் விட்டவர்களால் இன்று தமிழ்நாட்டு, கேரள நீர்நிலைகளில் அது பெருகி, வலை போடுகிறவர்களுக்குத் தொல்லையாகிவிட்டது. தங்கமீனும் 50 லிட்டருக்கு ஆகாது. அது ஒரு சாணுக்கு வளர்ந்து பத்து வருடத்துக்கு மேல் வாழ வேண்டிய மீன்.

கோடையில் இன்னும் கொஞ்சம் கவனம். 20 டிகிரியில் லிட்டருக்கு 9 மில்லிகிராம் ஆக்சிஜன் பிடிக்கும் தண்ணீர், 30 டிகிரியில் ஏழரைதான் பிடிக்கும். மூடியை எடுத்துவிட்டு மேற்பரப்பில் படும்படி சின்ன ஃபேன் வையுங்கள், இரண்டு மூன்று டிகிரி குறையும். கரன்ட் போனால் ஃபில்டருக்குள் இருக்கும் பாக்டீரியாவுக்கும் மூச்சு முட்டும். பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். பல மணி நேரம் கரன்ட் வராவிட்டால், ஃபில்டரைத் திரும்பப் போடுவதற்கு முன் உள்ளே தேங்கிய தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். தொட்டி இருக்கும் அறையில் கொசு மருந்து ஸ்பிரே அடிக்காதீர்கள். அவற்றில் உள்ள பைரித்ராய்டு மிகச் சிறு அளவிலேயே மீனைக் கொல்லும், ஏர் பம்ப் அதை நேராகத் தண்ணீருக்குள் இழுத்துவிடும்.

பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போது பக்கத்து வீட்டாரிடம் தீனி டப்பாவைக் கொடுத்துவிட்டுப் போகாதீர்கள். நான்கைந்து நாள் என்றால் ஒன்றும் போடவே வேண்டாம். அதற்கு மேல் ஆகும் என்றால், இரண்டு நிமிடத்தில் மீன் தின்று முடிக்கும் அளவை, இரண்டு நாளுக்கு ஒன்று என்று தனித்தனிப் பொட்டலமாக மடித்துத் தேதி எழுதிக் கொடுங்கள். டப்பாவைப் பூட்டி வையுங்கள். திரும்பி வந்ததும் முதலில் அம்மோனியாவை அளந்து, கால் பங்கு தண்ணீரை மாற்றிவிட்டு, மறுநாள் காலை வழக்கமான தீனியைப் போடலாம்.